ஊதுவதை விட்டவன் ஊதிய கதை

திண்டுக்கல்லிலிருந்து தாடிக்கொம்பு போகிற சாலையில், ஊர் முடிந்து தென்னந்தோப்பு தொடங்கும் இடத்தில் ஓர் எடைமேடை இருக்கிறது. லாரி வந்து ஏறி நிற்கும். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் சூசைராஜ் திரையைப் பார்ப்பான், ஒரு பொத்தானைத் தட்டுவான், சீட்டு வெளியே வரும். எரியோட்டுப் பக்கத்திலிருந்து வரும் வெங்காயம், மில்லுக்குப் போகும் பஞ்சுப் பொதி, செங்கல், தேங்காய், மாட்டுத் தீவனம், எதுவானாலும் அவனுக்கு ஒன்றுதான். பத்தொன்பது வருடமாக இதே நாற்காலி. எடை குறைகிறது என்று எந்த டிரைவராவது சண்டைக்கு வந்தால் சூசைராஜ் குரலை உயர்த்த மாட்டான். "மிஷினுக்கு மாமன் மச்சான் கெடையாதுண்ணே" என்பான். அதற்கு மேல் அவனுக்குப் பேசவும் தெரியாது.

வருடத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் இதுதான் அவன் பிழைப்பு. மிச்சமிருக்கும் ஒரு நாள் அவன் இயேசு.

பெரிய வெள்ளிக்கிழமை மதியம் மாதா கோயில் மைதானத்தில் ஆண்டவரின் பாடுகளை நடித்துக் காட்டுவார்கள். பதிமூன்று வருடமாகச் சிலுவையில் தொங்குகிறவன் சூசைராஜ்தான். நீண்ட முகம், உள்ளே போன கன்னம், எண்ணிப் பார்க்கலாம் போன்ற விலா எலும்பு. இடுப்பில் ஒரு துண்டு வேட்டியோடு அவன் வந்து நிற்கும்போதே பெண்கள் கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்துவிடுவார்கள். ஒருசந்தி நோன்பு இருந்து இருந்து இளைத்த உடம்பு என்று பேச்சு. உண்மையில் அது எடைமேடைக்கு எதிரே இருக்கும் முகமது பாரூக் டீக்கடையில் இளைத்த உடம்பு. காலையில் டீயும் சிகரெட்டும், மதியம் சிகரெட்டும் டீயும், சாயங்காலம் டீ குடிக்க நேரமில்லாவிட்டால் சிகரெட் மட்டும். சோறு என்பது அன்புக்கரசி முகத்துக்காக அவன் உட்கார்ந்து எழுந்திருக்கும் ஒரு சடங்கு. மனைவி முகம் கோணக்கூடாது என்று நாலு வாய் தின்பான், அவ்வளவுதான்.

எல்லாம் போன வருடம் வரைக்கும் நன்றாகத்தான் போனது. போன வருடம் செத்த இயேசு இருமிவிட்டார்.

அதைச் சொல்வதற்கு முன்னால் ஆரோக்கியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபத்தாறு வயது, வெங்காய மண்டியில் சின்ன வெங்காயம் தரம் பிரிக்கிறவள். அவளுக்கு ஒரே மகன், சகாயராஜ். அதே மண்டியில் லோடுமேனாக இருந்தான். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒட்டன்சத்திரம் சாலையில் லாரி கவிழ்ந்து போய்விட்டான். உடம்பைத் துணியில் இறுகக் கட்டிக் கொண்டுவந்தார்கள். அவிழ்க்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். பெற்றவள் ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

அடுத்த வருடப் பாடுகளில் மாதாவாக யாரைப் போடுவது என்று பேச்சு வந்தபோது, எல்லாவற்றையும் நடத்துகிற ஆண்டனிராஜ், பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார், வேறு யார் பெயரையும் சொல்லவில்லை. மாதாவுக்கு அவ்வளவு நரைத்த தலையா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அன்றிலிருந்து சிலுவையிலிருந்து இறக்கிய உடலை அவள் மடியில்தான் கிடத்துகிறார்கள். மைதானம் முழுக்க முழங்காலில் நிற்கும். மைக்கை அணைத்துவிடுவார்கள். மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் ஆரோக்கியம்மாள் நடிப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

போன வருடம் அந்த மூன்று நிமிடத்தின் நடுவில் சூசைராஜின் நெஞ்சுக்குள் ஏதோ கரகரத்தது. அடக்கினான். அடக்க அடக்க அது வளர்ந்தது. கடைசியில் ஆண்டவர் மாதாவின் மடியில் எழுந்து உட்கார்ந்து, கண்ணில் நீர் வர, ஒரு நிமிடம் இருமினார். முதலில் ஒரு குழந்தை சிரித்தது. பிறகு ரோமச் சிப்பாய்கள் சிரித்தார்கள். அடக்கிக்கொண்டிருந்தவர்களும் அடக்க மாட்டாமல் சிரித்தார்கள். குறை சொல்ல முடியாது, யாராக இருந்தாலும் சிரிப்பு வரும். சூசைராஜ் அண்ணாந்து பார்த்தபோது ஆரோக்கியம்மாளின் முகத்தில் அழுகை பாதியில் நின்றிருந்தது. அவள் முந்தானையால் அவன் வாயைத் துடைத்துவிட்டாள். அது அவனை ஒரு வருடம் தூங்கவிடவில்லை.

இந்த வருடம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வந்து பாரூக்கிடம் சொன்னான், இனிமேல் ஊதுவதில்லை என்று. அதே வாரத்தில் ரம்ஜான் நோன்பும் தொடங்கியிருந்தது. பாரூக்கும் பகலில் சிகரெட்டைத் தொடாமல் எல்லோருக்கும் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, சாலையின் இரண்டு பக்கமும் வாடி உட்கார்ந்திருந்தார்கள். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சூசைராஜ் கடைக்கு வந்து ஒரு சிகரெட் கேட்டான். தவக்காலத்து நாற்பது நாளில் ஞாயிறு சேராது, அன்றைக்கு ஒறுத்தல் கிடையாது, ஆகவே ஊதலாம் என்று விளக்கமும் சொன்னான். பாரூக் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க நோன்புல இப்பிடி ஒரு லீவு கெடையாதே மாப்ள."

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து. அன்று சாயங்காலமே முதல் ஒத்திகை. மடிக் காட்சி வந்தபோது ஆரோக்கியம்மாள் தரையில் உட்காரச் சிரமப்பட்டாள். இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. சூசைராஜ் படுத்தான். நெஞ்சு கரகரத்தது. அவன் தலைக்கு மேலே அவள் மூச்சை இழுத்து, சிகரெட் வாடையை உணர்ந்து, முகத்தை லேசாகத் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். ஒத்திகை முடிந்ததும் ஆண்டனிராஜ் அவனைத் தனியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"சூசை, பெரியம்மாவுக்கு முட்டி ரெண்டும் தேஞ்சுபோச்சு. டாக்டரு தரையில ஒக்காரவே கூடாதுன்னுருக்காரு. நீ இப்ப இருக்கிற மாதிரியே இருந்தா இந்த வருசம் ஒப்பேத்திருவாங்க. கனம் கூடுச்சுன்னா மடி வேணாம்ப்பா. ஒரு பெஞ்சைப் போட்டு வெள்ளைத் துணிய விரிச்சு அதுல கெடத்திருவோம்."

பெஞ்சில் கிடத்தினால் ஆரோக்கியம்மாளுக்கு அந்த மூன்று நிமிடம் கிடையாது. இதை அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்றோடு ஞாயிற்றுக்கிழமை லீவையும் ரத்து செய்தான்.

சிகரெட்டை விட்டவனுக்கு என்ன நடக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், கோபம் வரும், தலை வலிக்கும், கை நடுங்கும் என்று. சூசைராஜுக்கு வந்தது கனவு. அதுவும் பகல் கனவு. ஒரு லாரி இறங்கிப் போய் அடுத்த லாரி வருவதற்குள் அவன் கண் செருகிவிடும். பங்குனி வெயில் மேடை இரும்பின் மேல் அலையாக நெளியும். அந்த அலைக்குள் அவன் வாயில் சிகரெட்டோடு நிற்பான். புகையை இழுக்க இழுக்க உடம்பு லேசாகும். திரையில் எண் இறங்கும், அறுபது, ஐம்பது, நாற்பது என்று. பூஜ்யம் வந்ததும் கால் தரையை விட்டுவிடும். தென்னை உச்சிக்கு மேலே போவான், அப்புறம் மலைக்கோட்டைப் பாறைக்கு மேலே. தூரத்தில் சிறுமலை நீலமாகப் படுத்திருக்கும். கீழே யாரோ அவனுக்குச் சீட்டு கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஹாரன் சத்தத்தில் விழித்தால் வாயில் புகைச் சுவை அப்படியே இருக்கும். ஊதிவிட்டோமோ என்று பதறி விரல்களை முகர்ந்து பார்ப்பான். விரலில் சீட்டுத் தாளின் வாசனை மட்டும் இருக்கும்.

வாசனை என்பது இன்னொரு கனவு. இருபத்தைந்து வருடமாக மூடிக்கிடந்த மூக்கு ஒரு காலையில் திறந்துகொண்டது. மேடையில் ஏறும் லாரியைப் பார்க்காமலே காய்ந்த கொத்தமல்லி என்று சொன்னான், கொத்தமல்லிதான். மழை வருவதை அரை மணி நேரம் முன்னால் சொன்னான். நாகல் நகர் வீட்டுச் சந்தில் நுழையும்போதே யார் வீட்டில் என்ன குழம்பு என்று தெரிந்தது. அன்புக்கரசியின் தலையில் சீயக்காய் வாசனை இருப்பது, கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் கழித்து, அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு முறை முகர்ந்தான். வெட்கமில்லையா என்று அவள் தள்ளிவிட்டாள், ஆனால் ரொம்ப தூரம் தள்ளவில்லை.

மூக்கு திறந்தால் வாய் சும்மா இருக்குமா. சோறு ருசித்தது. வெறும் கத்தரிக்காய் வெஞ்சனம் ருசித்தது. இரண்டாம் தடவை சோறு கேட்டபோது அன்புக்கரசி கரண்டியைக் கையில் பிடித்தபடி ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். சாயங்காலம் பாரூக் நோன்பு திறக்கும்போது ஒரு குவளை கஞ்சியும் இரண்டு வடையும் சாலையைக் கடந்து வந்தன. மதியம் சிகரெட் நினைப்பு வந்தால் கடலை மிட்டாய், சாயங்காலம் வந்தால் முறுக்கு, எப்போதும் வந்துகொண்டே இருந்தால் எப்போதும் ஏதாவது ஒன்று. ஊரே ஒருசந்தி இருந்து வற்றிக்கொண்டிருந்த தவக்காலத்தில் சூசைராஜ் ஒருத்தன் மட்டும் செழித்துக்கொண்டிருந்தான். கால்சட்டைப் பித்தான் மாட்டவில்லை. அன்புக்கரசி தையலைப் பிரித்து விட்டுக்கொண்டே, "ஊதுனப்ப நூலா இருந்தீக, ஊதுறத விட்டதும் ஊதிட்டீகளே" என்று சிரித்தாள். அவள் சந்தோஷமாகச் சொன்னது அவனுக்குப் பெஞ்சை ஞாபகப்படுத்தியது.

தவக்காலம் நாலாம் வாரம், மதியம் ஒன்றரை மணிக்கு, சாலையில் ஒரு வண்டியும் இல்லாதபோது, சூசைராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு எடைமேடையில் ஏறினான். அறுபது அடி நீள இரும்புப் பலகை, அதன் நடுவில் தன்னந்தனியாக ஒரு மனிதன். கண்ணாடி வழியாகத் திரையை எட்டிப் பார்த்தான். எப்போது வேடிக்கைக்கு ஏறினாலும் அறுபது காட்டும் இயந்திரம் எழுபது காட்டியது.

அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் பேசும். லாரிக்கு அது போதும். அறுபத்தைந்தைத் தொடுகிற வரைக்கும் அறுபது என்னும், தாண்டினால் எழுபது என்னும். இதை அவனே டிரைவர்களுக்கு ஆயிரம் தடவை விளக்கியிருக்கிறான். ஆனால் தனக்கென்று வரும்போது அவனுக்கு ஞாபகம் வந்தது வேறு. மிஷினுக்கு மாமன் மச்சான் கிடையாது. முப்பது நாளில் பத்துக் கிலோ. மாதா கோயில் மைதானத்தில் ஒரு பெஞ்சும் வெள்ளைத் துணியும் அவன் கண்ணுக்குத் தெரிந்தன.

அன்றிலிருந்து சாப்பாட்டை நிறுத்தினான். காலையில் வெறும் டீ, மதியம் மோர். அன்புக்கரசி கேட்டதற்கு ஒறுத்தல் என்றான். பசி ஏற ஏற, அடங்கிக்கிடந்த பழைய ஆசை எழுந்து உட்கார்ந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் பாரூக் கடைக்குப் போய் ஒரு சிகரெட் வாங்கினான். அதை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு சூசைராஜ் தென்னந்தோப்பு ஓரத்தில் ரொம்ப நேரம் நின்றான். இதைப் பற்றவைத்தால் பசி செத்துப்போகும், உடம்பு இறங்கும், பெஞ்சு வேண்டியிருக்காது. பற்றவைத்தால் நெஞ்சு கரகரக்கும், மூன்று நிமிடம் தாங்காது. இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அவன் கையில் கொள்ளிகூட இன்னும் எரியவில்லை. அதற்குள்ளேயே எறும்பாகத் தவித்தான். சிகரெட்டின் பச்சைப் புகையிலை வாசனை, புதிதாகத் திறந்த மூக்குக்கு, அவ்வளவு நன்றாக இருந்தது. அழுகை வந்தது. ஒரு சிகரெட்டுக்காக ஓர் ஆம்பிளை அழுவானா என்றால், அழுதான்.

பற்றவைக்காமல் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராக வெங்காய மண்டிக்குப் போனான். யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும், சொல்ல வேண்டியவள் அங்கேதான் இருந்தாள். ஆரோக்கியம்மாள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் பிரித்துக்கொண்டிருந்தாள், கால் இரண்டையும் நீட்டியபடி. பக்கத்தில் மூட்டை போடும் தராசு சும்மா கிடந்தது. சூசைராஜ் முதலில் அதில்தான் ஏறினான். அது ஒவ்வொரு கிலோவாகப் பேசும் தராசு. அறுபத்தேழு என்றது. போன வருடம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அறுபத்து மூன்று. கூடியது பத்து அல்ல, நாலு. மூன்று நாள் பட்டினி கிடந்த முட்டாள் தன்னையே நொந்துகொண்டான். இருந்தாலும் நாலு நாலுதானே, தேய்ந்த முட்டிக்கு அதுவும் ஒரு பாரம்தானே.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். என்ன அப்பு, ஒன்னையே வெலைக்குப் போடப்போறியா என்று கேட்டாள். சூசைராஜ் எல்லாவற்றையும் கொட்டினான். ஊதுவதை விட்டது, சோறு ருசித்தது, கனம் கூடியது, ஆண்டனிராஜ் சொன்ன பெஞ்சு. போன வருடம் இருமியதற்கு அதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. அதையும் கேட்டான். கேட்கும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, வெங்காயத்தைப் பார்த்துக் கேட்டான்.

"முட்டி தாங்குமா பெரியம்மா?"

ஆரோக்கியம்மாள் கையிலிருந்த வெங்காயத்தின் தோலை உரசித் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

"நீ சாப்பிடு. வந்து படு. தாங்குறது ஏம்பாடு. வாத்தியாருட்ட நாம் பேசிக்கிறேன்."

என்ன பேசினாளோ, ஆண்டனிராஜ் பெஞ்சுப் பேச்சை எடுக்கவில்லை. சூசைராஜ் சாப்பிட்டான், பயந்து பயந்து. சட்டைப் பைச் சிகரெட்டை அன்புக்கரசி துவைக்கப் போடும்போது எடுத்துப் பார்த்தாள், ஒடியாமல் முழுசாக இருந்ததைக் கண்டு குப்பையில் போட்டாள்.

பெரிய வெள்ளிக்கிழமை வெயில் கொளுத்தியது. பகல் இரண்டு மணிக்குச் சிலுவையை நட்டார்கள். துண்டு வேட்டியோடு வந்து நின்றவனைப் பார்த்து முன்வரிசையில் இரண்டு பெண்கள் காதோடு காதாக ஏதோ பேசிக்கொண்டார்கள். வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது, மறைக்க வழியில்லை. கையைக் கயிற்றில் கட்டினார்கள். மேலே இருந்து பார்க்க, மைதானத்துக் குடைகள் வெள்ளையும் கறுப்புமாக அசைந்தன. வெயிலில் தலை லேசாகச் சுற்றி, ஊர் ஒரு நீளமான கனவாக விரிந்தது. மலைக்கோட்டை நடுங்கியது. எங்கிருந்தோ மாம்பூ வாசனை வந்தது. கடைசி வார்த்தையை அவன் ஒரே மூச்சில் சொன்னான், குரல் மைதானத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் போய் முட்டித் திரும்பியது. பதிமூன்று வருடத்தில் அப்படி ஒரு குரல் அவனுக்கு வந்ததில்லை. தலையைச் சாய்த்தான்.

இறக்கினார்கள். தூக்கிய நாலு பேரில் ஒருவர் ஆண்டனிராஜ், அவர் மூச்சு வாங்குவது கேட்டது. ஆரோக்கியம்மாள் ஏற்கெனவே தரையில் உட்கார்ந்திருந்தாள், முட்டிக்குக் கீழே மடித்த சாக்கு. அவனை மடியில் கிடத்தினார்கள். மைதானம் முழங்காலில் இறங்கும் சத்தம் கேட்டது. மைக் அணைந்தது.

சூசைராஜ் காத்திருந்தான். நெஞ்சில் கரகரப்பு வரவில்லை. முதல் நிமிடம் போயிற்று. அவனுக்கு உள்ளே அவ்வளவு அமைதியாக இருந்ததால் வெளியே எல்லாம் கேட்டது. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சுவது, குருவி ஒன்று, தூரத்தில் பழனி பஸ். பிறகு மேலேயிருந்து அழுகை. சத்தமில்லாத அழுகை, அவள் வயிறு குலுங்குவது அவன் முதுகில் தெரிந்தது. முதுகுக்குக் கீழே அவள் தொடைகள் நடுங்கின. வலிக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. அவளுக்குக் கொஞ்சம் லேசாகட்டும் என்று, யாருக்கும் தெரியாமல், வலது குதிகாலைத் தரையில் ஊன்றி உடம்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தான். செத்தவன் செய்யக்கூடாத வேலைதான். மனசு கேட்கவில்லை.

அவள் கை அவன் நெஞ்சை அழுத்தியது. முகம் அவன் காதுக்குக் குனிந்தது.

"காலை ஊனாதப்பா. முழுசா விடு."

அவன் விடவில்லை. இன்னும் கொஞ்சம் ஊன்றினான்.

"எஞ்சகாயம் கனத்த ஆளுய்யா. இத்தன வருசமா நீ காத்தாட்டம் கெடந்த. இப்பத்தான் மடியில ஒரு ஆம்பளப்புள்ள கெடக்கான்."

சூசைராஜ் குதிகாலை எடுத்தான். உடம்பு மொத்தத்தையும் அவள் மடியில் விட்டான்.